இடியாப்பமும் கோழிக் குழம்பும்: நம் கரிசல் பக்கத்துக் கதை

நம் பக்கத்துப் பெரியவர்கள் அரிசிச் சோற்றை வெறுமனே 'சோறு' என்று சொன்னதில்லை. 'நெல்லுச்சோறு' என்பார்கள். கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு, வரகுச்சோறு என்ற வரிசையில் அது கடைசியாக வரும். பெயர் வைத்துச் சொல்லும் அளவுக்கு அது அபூர்வம். தஞ்சாவூர்க்காரரிடம் போய் 'இன்றைக்கு நெல்லுச்சோறு சாப்பிட்டேன்' என்று சொன்னால் அவருக்கு விளங்காது. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் எழுபது வயது கடந்த யாரிடம் சொன்னாலும் உடனே 'என்ன விசேஷம்?' என்று கேட்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடியாப்பமும் நாட்டுக்கோழிக் குழம்பும் நம் ஊரின் பாரம்பரியச் சாப்பாடு என்று இப்போது ஓட்டல் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரம்பரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டில் இருந்த இரண்டில் ஒன்று நம் மண்ணுடையது, மற்றொன்று வெளியூர் விருந்தாளி. அந்தத் தட்டு ஒவ்வொரு முறை நிறைந்தபோதும் அதற்கு விலை கொடுத்தது வீட்டுப் பெண்கள்தான். அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சங்க நூல்களில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் பலர் பள்ளிக்கூடத்தில் பெயரளவில் படித்திருப்பீர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகிற பாணனுக்கு, வழியில் எந்த நிலத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. முல்லை நிலத்து ஊரில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும் கிடைக்கும் என்கிறார். மருத நிலத்துக்கு வந்தபிறகுதான் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியை வாட்டிய கறியும் வருகின்றன. கோழிக்கு அவர் சொல்லும் சொல் 'அளகு'. அதாவது நெல் விளைகிற இடத்தில்தான் நெல்லுச்சோறும் கோழியும் ஒரே இலையில் சேர்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே விஷயம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

அதே பாட்டில் இன்னோரிடத்தில் கூவியர் என்ற அப்பம் விற்பவர்கள் வருகிறார்கள். அவர்கள் செய்த பண்டம் நூல் சூழ்ந்த வட்டம்போல இருந்தது, அது பாலில் கிடந்தது என்று ஓர் உவமை. உரைகாரர் அதை அப்பம் என்றார். இடியாப்பத்தின் மூதாதை அதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. நூலும் வட்டமும் பாலும் சேர்ந்து வருவதைப் பார்த்தால் நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நம் நிலத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கம் மேற்குமலை அடிவாரம். கண்மாய் உண்டு, நெல் உண்டு, தென்னை உண்டு. கிழக்கே வர வர மண் கறுத்துக்கொண்டே போகும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுவும் பாதிக்குமேல் ஐப்பசி கார்த்திகையில். வைப்பாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான். பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் எள்ளும் விளைந்தன. நெல் விளையவில்லை.

இப்போது ஒரு கோழிக் குழம்புக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வத்தல், மல்லி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், கோழி. அத்தனையும் கரிசலில் கிடைப்பவை. சாத்தூர் சம்பா வத்தலுக்குப் பெயர் போன ஊர் நம்முடையது. விருதுபட்டி என்ற பெயரை விருதுநகர் என்று 1923ல் மாற்றிக்கொள்வதற்கு முன்பே அந்தச் சந்தையில் வத்தலும் மல்லியும் எண்ணெயும் பருப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 1876ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது விருதுபட்டி வியாபாரத்துக்குக் கை கொடுத்தது. அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. ரயில் வந்ததையும் பஞ்சம் வந்ததையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் கிழவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது தாத்தா சொன்ன கதை.

ஆக, குழம்பு நம்முடையது. இடியாப்பம்தான் விருந்தாளி. அரிசியும் தேங்காயும் மேற்கேயிருந்து வண்டியில் வரவேண்டும். அல்லது கடல் தாண்டி வரவேண்டும். பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போனபிறகு ஐராவதிக் கழிமுகத்து நெல் சென்னை மாகாணத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. 'ரங்கூன் அரிசி' என்ற சொல்லை இதைப் படிக்கும் சிலராவது கேட்டிருப்பீர்கள். கஞ்சிக்கும் சோற்றுக்கும் பல வீடுகள் அதை நம்பியே இருந்தன. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அரிசிக் கப்பல் நின்றது. பிறகு ரேஷன். 1952ல் ராஜாஜி முதலமைச்சராக வந்து அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார் என்பதைப் பெரியவர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் பிறந்தது 1951ல், ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். என் நினைவில் எங்கள் வீட்டில் வருஷத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை இடியாப்பம் பிழிந்திருப்பார்கள். தீபாவளிக்கு இட்லி தோசை எல்லோர் வீட்டிலும் உண்டு. இடியாப்பம் அதற்கும் மேல். புது மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்தால், பட்டாளத்திலிருந்து யாராவது லீவில் வந்தால், பிள்ளை பெற்றவள் எழுந்து நடமாடத் தொடங்கினால், அப்போதுதான். இருக்கன்குடி மாரியம்மனுக்குச் சேவல் நேர்ந்து அறுத்தால்கூட அங்கே பொங்கிச் சாப்பிடுவது சோறுதான்.

ஏன் என்று கேட்டால் பெயரிலேயே பதில் இருக்கிறது. இடி, அப்பம். இடித்த மாவில் செய்வது. அந்த 'இடி'யை யார் இடித்தது?

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் வெள்ளை வேட்டியை விரித்து உலர்த்துவார்கள். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டவேண்டும், தண்ணீர் இருக்கக்கூடாது. உரலில் போட்டு இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை மேலே. இடித்ததைச் சல்லடையில் சலித்து, கப்பியை மறுபடி உரலில் போட்டு, மறுபடி சலித்து. பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு படி அரிசி. எங்கள் அப்பத்தாவும் அம்மாவும் காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை ஆகும். பிறகு அந்த மாவை வறுக்கவேண்டும். விரலிடுக்கில் எடுத்துத் தரையில் விட்டால் கோலம் இழுப்பதுபோல் அறாமல் விழவேண்டும், அதுதான் பதம். உப்புப் போட்ட கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் பிழியவேண்டும். ஆறிவிட்டால் மாவு அச்சில் இறங்காது. எங்கள் வீட்டில் மர உரல்தான் இருந்தது. மேல் கட்டையை அழுத்த ஒரு ஆள் போதாது. அம்மா உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, அத்தை எழுந்து நின்று உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துவாள். பானை வாயில் துணி கட்டி அதன்மேல் பிழிந்து வேகவைப்பார்கள். அடுப்புக்குப் பருத்திமாறு. ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும்.

ஆண்கள் இதில் செய்த ஒரே வேலை கோழியை விரட்டிப் பிடித்தது. அதையும் பெரும்பாலும் எங்களைப்போன்ற பையன்கள்தான் செய்தோம்.

கோழியின் கணக்கு தனி. நிலம், மாடு, பருத்தி விற்ற காசு எல்லாம் ஆண்கள் கையில். கோழி மட்டும் பெண்ணுடையது. முட்டை விற்ற காசும் குஞ்சு விற்ற காசும் அவளுடைய சிறுவாடு. அடுக்குப் பானையிலோ முந்தானை முடிச்சிலோ கிடக்கும். யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அவள் சொல்வதில்லை. அடை வைக்கும் கூடையில் வைக்கோலுக்கு அடியில் இடிக்குக் காவலாக ஒரு இரும்புத்துண்டும் கரித்துண்டும் போட்டு, நாளை எண்ணி இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கவனம் ஒரு முதலாளியின் கவனம். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து வளர்க்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பயம் வெள்ளைக் கழிச்சலுக்கு. கோடையில் வந்தால் ஒரு வாரத்தில் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது. மாட்டு டாக்டர்கள் இதை ராணிக்கேத் நோய் என்பார்கள். இமயமலை அடிவாரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. நம் கிராமத்துப் பெண்களின் சேமிப்பு மூழ்கிப்போகிற நோய்க்கு இப்படியொரு தூரத்து ஊரின் பெயர்.

ஆகவே கோழி அடிப்பது என்பது ஒரு பெண்ணின் சேமிப்பை உடைப்பது. அது யாருக்காக உடைகிறது என்பதை அவள் தீர்மானித்ததில்லை.

எங்கள் அத்தைக்குக் கல்யாணமாகி முதல் தீபாவளி. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். மாப்பிள்ளை முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார். அந்த வருஷம் கழிச்சல் வந்து போயிருந்ததால் அம்மாவிடம் மிஞ்சியது இரண்டு பெட்டைகள். ஒன்று அடையில் இருந்தது. மற்றது முட்டையிடுகிற கோழி. அப்பா அந்த முட்டைக்கோழியைக் கைகாட்டினார். அம்மா அந்தக் கோழியின் முட்டையைச் சேர்த்துச் சேர்த்து விற்று, அடகில் கிடந்த கம்மலை மீட்க வைத்திருந்தார் என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். அப்பத்தா வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை அவருடைய மகளின் புருஷன் அல்லவா. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. கூடையைத் திறந்து கோழியை எடுத்து அவரே கொடுத்தார். கம்மல் அடுத்த பருத்தி எடுப்பு வரை கடையிலேயே கிடந்தது.

அந்தக் கோழியைச் சுத்தம் செய்தால் எவ்வளவு தேறும்? நம் ஊர்ச் சிறுவிடை. மயிர் பிடுங்கி, பருத்திமாற்றுத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, வெட்டினால் முக்கால் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. வீட்டில் பத்துப் பேர். இடியாப்பத்தின் சூட்சுமம் இங்கேதான். இட்லி குழம்பைத் தொட்டுக்கொள்ளும், இடியாப்பம் உறிஞ்சிக்கொள்ளும். நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள இடம் முழுக்கச் சாறு நிற்கும். வத்தலையும் மல்லியையும் அம்மியில் வெண்ணெயாக அரைத்து, எலும்பு விட்டுக் கறி பிரியும்வரை கொதிக்கவிட்டு, தண்ணீராகச் சாறு கூட்டி ஊற்றினால், ஒரு சிறு கோழி பத்துப் பேருக்கும் ருசி காட்டிவிடும். துண்டு எல்லோருக்கும் கிடைக்காது. கால் சந்து மாப்பிள்ளைக்கு, ஈரல் வீட்டுப் பெரியவருக்கு, எலும்போடு கூடிய துண்டுகள் பிள்ளைகளுக்கு. கழுத்தும் அடிச்சாறும், துணியில் ஒட்டிப் பிய்ந்துபோன இடியாப்பத் துணுக்குகளும் பிழிந்தவர்களுக்கு.

கோழி ஒன்று, வாய் பத்து. இந்தக் கணக்குக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பண்ணை வீட்டுப் பெண்கள் முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியை நெடுநேரம் வேகவைத்து, மைதாவும் முட்டையும் பிசைந்து வீட்டிலேயே தேய்த்து வெட்டிய நூடுல்ஸை அந்தச் சாற்றில் போட்டார்கள். கதிரடிக்க வந்த ஆட்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். கோழி கிழடு, சாறு அதிகம், மாவு நூலாக. நம் வீட்டுக் கணக்கேதான்.

பர்மாவில் இதற்குப் பெயர் கவ்ஸ்வே. தேங்காய்ப்பாலில் கோழியை வேகவைத்து, கடலைமாவு கரைத்துக் கெட்டிப்படுத்தி, நூடுல்ஸ் மேல் ஊற்றி, அவித்த முட்டையும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். நெவின் ஆட்சி 1962ல் வந்து, அடுத்த இரண்டு வருஷத்துக்குள் கடைகண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். ஒரு காலத்தில் அரிசி வந்த அதே கடல் வழியில் இப்போது ஆட்கள் வெறுங்கையோடு வந்தார்கள். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ விற்கும் கடைகள் அவர்கள் கொண்டுவந்தவைதான். எனக்கு மதுரையில் ஓர் அலுவலக நண்பர் இருந்தார், ரங்கூனில் பிறந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கவ்ஸ்வே போட்டார்கள். நூடுல்ஸ் கிடைக்காத நாட்களில் சேமியாவை வைத்துச் சமாளித்தோம் என்றார் அவருடைய தாயார். அன்று அவர்கள் வீட்டில் கிண்ணத்தில் ஊற்றித் தந்ததைக் குடித்தபோது, இது நம் தேங்காய்ப்பால் இடியாப்பமும் கோழிக் குழம்பும் சம்பந்தம் செய்துகொண்டதுபோல இருக்கிறதே என்று சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தார். 'கோழி வெட்டுனா அங்கயும் கடைசியாச் சாப்பிடறது நாங்கதான் தம்பி' என்றார்.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு மறுபடி கடுமையானது. மழை இல்லை, ரேஷன் கடையில் வரிசை, கோதுமை வாங்கிக்கொள் என்றார்கள். எங்கள் தெருவில் கோதுமை மாவிலும் இடியாப்பம் பிழிந்து பார்த்தார்கள். சிவந்து தடித்து வந்தது. நாங்கள் தின்றோம், ஆனால் விருந்தாளிக்கு யாரும் வைக்கவில்லை. ரூபாய்க்கு ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்ன 1967 தேர்தலில், விருதுநகரில் பிறந்து வளர்ந்து நாடே அறிந்த தலைவரான காமராஜர், சொந்த ஊர்த் தொகுதியிலேயே சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். இந்திப் போராட்டத்தை எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் நெல்லுச்சோறு என்று தனிப்பெயர் வைத்திருந்த ஊரில் அரிசிக்கு என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். அந்தத் தேர்தலில் ஓட்டுப்போட்ட கிழவிகளில் பலர் உலக்கை பிடித்தவர்கள்.

இந்த இடத்தில்தான் சிவகாசி உள்ளே வருகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். மழை இல்லாத ஊர், காய்ந்த காற்று, கையில் வேலை இல்லாத ஜனம். தொழிலுக்கு மூன்றும் தோதாக இருந்தன. பிறகு பட்டாசும் அச்சும் வந்தன. நம் ஜனங்கள் ஆலை என்று சொல்லமாட்டார்கள், 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பட்டாசு ஆபீஸ்' என்பார்கள். விடியற்காலையில் ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். பாவாடை கட்டிய சிறுமிகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கவேண்டும். அதைச் சொல்லாமல் சிவகாசியின் பெருமையைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

என் தங்கச்சி என்னைவிட ஐந்து வயது இளையவள். எட்டாவதோடு நின்று 1969ல் குச்சி அடுக்கப் போனாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் பரீட்சைப் பணத்தில் ஒரு பங்கு அவள் அடுக்கிய குச்சி. ஆறு நாள் வேலை, சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை லீவு. அவள் கூலியை அம்மாவிடம் கொடுப்பாள், அம்மா அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பார். கோழியில் சேர்ந்த சிறுவாடு இப்போது கூலியில் சேர்ந்தது. இரண்டாவது வருஷம் தீபாவளிப் போனஸில் அவள் விருதுநகர் பஜாரில் பாத்திரக்கடைக்குப் போய் ஒரு பித்தளை இடியாப்ப உரல் வாங்கிவந்தாள். திருகு வைத்தது. ஒருத்தியே உட்கார்ந்து பிழியலாம். கம்மல் வாங்கியிருக்கலாமே என்று அப்பா கேட்டார். 'அத்தைக்கு இடுப்பு வலிக்குதுல்ல' என்று மட்டும் சொன்னாள்.

மாவு இடிப்பதும் அதே காலத்தில் போயிற்று. மின்சாரம் வந்து, ஊரில் மாவு மில் வந்தது. ஊறவைத்த அரிசியைக் கூடையில் கொண்டுபோனால் கால் மணி நேரத்தில் சூடாக மாவு. இடித்த மாவின் ருசி வராது என்று அப்பத்தா குறைசொல்லிக்கொண்டே இருந்தார். இடித்தவரே அப்படிச் சொன்னதால் அதை மதிக்கிறேன். இடிக்காத நாங்கள் சொல்வதற்கு அந்த மதிப்பு கிடையாது. 'அந்தக் காலத்துக் கைக்குத்தல் மாவு' என்று உருகி எழுதும் என் வயது ஆண்கள் எத்தனை பேர் உலக்கையைத் தொட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது கூலி வரும் வீடுகளில் பழக்கமானது. பல்லடம் பக்கத்துப் பிராய்லர் கோழி 1990களில் நம் தெருமுனைக்கு வந்தது. கிலோக் கணக்கில் கடையில் தொங்கும் அதற்கு முன்னால் கூடைக்கோழியின் மதிப்பு இறங்கியது. கொஞ்ச காலம் கழித்து நாட்டுக்கோழி என்ற பெயரோடு இரண்டு பங்கு விலையில் மறுபடி ஏறியது. 1980களில் இரண்டு நிமிஷ நூடுல்ஸ் பாக்கெட் வந்தது. திண்டுக்கல் அனில் சேமியா வந்தது. சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி 'இடியாப்பம்' என்று காலையில் கூவிக்கொண்டு போகிறவர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கூவியர் ஞாபகம்தான்.

இப்போது கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. கழிச்சலுக்குக் கால்நடைத் துறையினர் ஊர் ஊராகப் போய் இலவசமாக ஊசி போடுகிறார்கள். திட்டம் பெண்கள் பெயரில்தான். யாரோ விவரம் தெரிந்தவர் எழுதியிருக்கவேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அப்படி வாங்கி வளர்க்கிறாள். தீபாவளிக்கு முன்னால் அவளிடம் ஒரு கோழி விலைக்குக் கேட்டேன். முட்டைக்கோழியைத் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சேவல் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் சித்தப்பா என்றாள். அந்தப் பதிலைக் கேட்க அம்மா இல்லையே என்று இருந்தது.

பட்டாசு ஆபீஸ்களுக்குத் தீபாவளி முடிந்தபிறகுதான் லீவு, சில வாரங்கள். ஊர் உலகம் வெடித்து முடித்தபிறகு நம் ஜனங்கள் ஓய்வெடுப்பார்கள். தங்கச்சியின் மகள் சிவகாசியில் ஒரு பட்டாசு ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். அந்த லீவில்தான் அவள் வீட்டுக்கு எல்லோரும் போவோம். பித்தளை உரல் இப்போது அவளிடம் இருக்கிறது. திருகுக் கைப்பிடி ஒரு முறை உடைந்து, பட்டறையில் பற்றவைத்து வாங்கியது. போன வருஷம் பதினான்கு பேர். சேவல் இரண்டு. மாவு மில்லில் அரைத்ததுதான், வறுத்தது மட்டும் வீட்டில். பிழிந்தது நானும் மருமகப் பிள்ளையும். தங்கச்சிக்குக் கைமூட்டு வலி, அதனால் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவு ஆறுகிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று அதட்டிக்கொண்டிருந்தாள். முதல் ஈடு இறங்கியதும் நான்கு இடியாப்பத்தை எடுத்துத் தட்டில் வைத்து, கால் சந்தைத் தேடிப் போட்டு, சாறு ஊற்றி அவளிடம் கொடுத்தோம். மற்றவர்களுக்கு எடுத்துவைத்தீர்களா என்று கேட்டாள். பிறகு சாப்பிட்டாள். வத்தல் ஒன்றிரண்டு கூட என்றாள்.